மூச்சு வாங்கும் கண்கள்

மேகமில்லாத நீலவானத்தை அரை நிமிடம் பாருங்கள். சூரியன் இருக்கும் பக்கம் வேண்டாம், எதிர்ப்பக்கம். எதையும் தேடாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால், கொஞ்ச நேரத்தில் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் தெரிய ஆரம்பிக்கும். நூல் நூலாக மிதக்குமே, அதைச் சொல்லவில்லை. அவை கண்ணை அசைத்தால் மெதுவாக ஆடும். இவை வேறு. வளைந்த பாதையில் விருட்டென்று ஓடும், ஒரு நொடிக்குள் காணாமல் போகும், அதே பாதையில் அடுத்தது வரும்.

அவை வானத்தில் இல்லை. உங்கள் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அவை. விழித்திரையில் ஒளியை உணரும் செல்களுக்கு முன்னால் மயிரிழையைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் நிறைந்திருக்கும் சிவப்பணுக்கள் நீல ஒளியை விழுங்கிவிடும். அந்த நிழல் எப்போதும் ஒரே இடத்தில் விழுவதால் மூளை அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. நடுவில் ஒரு வெள்ளை அணு போகும்போது மட்டும் அந்த இடத்தில் நீல ஒளி தப்பித்து உள்ளே வருகிறது. அந்த இடைவெளி ஓடுவதைத்தான் புள்ளி ஓடுவதாகப் பார்க்கிறோம். இன்னும் கவனித்தால் ஒன்று புலப்படும்: பார்வையின் நட்டநடுவில் மட்டும் புள்ளிகளே வருவதில்லை. அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

வானத்தைப் பார்ப்பதாக நினைக்கும்போதும் நாம் நம் ரத்தத்தின் ஊடாகத்தான் பார்க்கிறோம். பார்ப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். அதைக் கொண்டுவரும் ரத்தம் பார்வையை மறைக்கும். முதுகெலும்புள்ள விலங்குகளின் கண்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்திருக்கின்றன. எதுவும் முழுசாக அவிழ்க்கவில்லை. அவிழாமல் கிடந்த அந்த முடிச்சு 20ஆம் நூற்றாண்டில் மருத்துவமனை இன்குபேட்டர்களுக்குள் ஓர் அறக்கேள்வியாக வந்து நின்றது. பார்வைக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்? அதை யார் கொடுப்பது?

*

முதலில் செலவுக் கணக்கு.

கண்ணைக் கேமராவோடு ஒப்பிடுவது வழக்கம். கேமராவின் மூடியைப் போட்டுவிட்டால் சென்சாருக்கு வேலையில்லை. கண் அப்படி இல்லை. மங்கலான ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்களை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் அவற்றின் சவ்வில் உள்ள வாசல்கள் திறந்தே கிடக்கின்றன. சோடியமும் கால்சியமும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். வந்ததை வெளியே தள்ள பம்புகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டைப் படகில் உட்கார்ந்து விடிய விடியத் தண்ணீர் இறைப்பது மாதிரி. ஒளி விழுந்தால்தான் வாசல்கள் மூடும், இறைக்கும் வேலை குறையும். ஓட்டம் நின்றுபோனதுதான் மூளைக்குப் போகும் செய்தி.

சர்வர்களோடு வேலை செய்பவன் என்ற முறையில் இது எனக்கு விநோதமாகப் படுகிறது. அதிகாலை மூன்று மணிக்கு யாருமே வராவிட்டாலும் சர்வர் மின்சாரம் குடிக்கும், அது தெரிந்ததுதான். ஆனால் யாரும் வராதபோது அதிகமாகக் குடிக்கும் சர்வரை யாராவது வாங்குவார்களா? கண் அப்படிப்பட்டது. எதுவும் தெரியாத இருட்டில்தான் அதன் ஆக்சிஜன் செலவு உச்சத்தில் இருக்கிறது. பதிலுக்கு ஒன்று கிடைக்கிறது. ஒரே ஒரு ஒளித்துகள் வந்து விழுந்தாலும் கோல் செல் அதை உணர்ந்துவிடும். எப்போது வரும் என்று தெரியாத ஒற்றை விருந்தாளிக்காக இரவு முழுக்க அடுப்பை எரியவிட்டிருப்பது போன்ற ஏற்பாடு.

எடைக்கு எடை பார்த்தால், உடம்பிலேயே மிக அதிகமாக ஆக்சிஜன் செலவழிக்கும் திசுக்களில் ஒன்று விழித்திரை. அதனால் வரத்து குறைந்தால் முதலில் அடிவாங்குவதும் அதுதான். சட்டென்று எழுந்து நிற்கும்போது "கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்கிறோம். மயக்கம் வருவதற்கு முன்பே பார்வை போய்விடுகிறது. கண்ணுக்குள் ஏற்கெனவே ஓர் அழுத்தம் இருக்கிறது. அதை மீறித்தான் ரத்தம் உள்ளே நுழைய வேண்டும். ரத்த அழுத்தம் கொஞ்சம் சரிந்தாலும் மூளைக்கு முன்னால் கண் கைவிடப்படுகிறது. அதனால்தான் திடீரென வளைந்து திரும்பும் போர் விமானங்களில் விமானிக்கு நினைவு தப்புவதற்கு முன் பார்வை சாம்பல் நிறமாகிறது. இரவில் பறப்பவர்கள் 5,000 அடிக்கு மேலேயே கூடுதல் ஆக்சிஜன் எடுத்துக்கொள்வது நல்லது என்று விமானத் துறையில் சொல்வார்கள். கொடைக்கானல் அதைவிட உயரம். அங்கே போனால் நமக்கு மூச்சு முட்டுவதில்லை, தலை சுற்றுவதில்லை. ஆனால் மலையேறிப் போன முதல் இரவில், மங்கலான ஒளியை உணரும் திறன் மட்டும் நமக்குத் தெரியாமலே கொஞ்சம் இறங்கியிருக்கும்.

கடலிலும் இதே கதைதான். கணவாய், ஆக்டோபஸ், நண்டு ஆகியவற்றின் இளம் குஞ்சுகளை ஆக்சிஜன் குறைந்த நீரில் வைத்துச் சோதித்த ஆய்வு 2019இல் வெளியானது. குஞ்சுகள் உயிரோடுதான் இருந்தன. ஆனால் ஒளிக்கு அவற்றின் விழித்திரை காட்டும் எதிர்வினை பாதிக்கும் கீழே போனது. சிலவற்றில் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 1960க்குப் பிறகு உலக அளவில் சுமார் 2 சதவீதம் குறைந்திருக்கிறது. கடல் மூச்சுத் திணறுவதற்கு முன்பே அதில் வாழ்பவற்றின் பார்வை மங்கத் தொடங்கலாம்.

*

இவ்வளவு செலவாகும் உறுப்புக்கு எப்படித்தான் படியளப்பது?

விழித்திரை கண்ணாடி போல ஒளியை உள்ளே விட வேண்டும். ரத்தக்குழாய்களை உள்ளே விட்டால் நிழல் விழும். ஆகவே மிகப் பழைய தீர்வு: குழாய்களை உள்ளேயே விடாதே. விழித்திரைக்குப் பின்னால் கோராய்டு என்ற ரத்தம் நிறைந்த படலம் இருக்கிறது. அங்கிருந்து ஆக்சிஜன் கசிந்து விழித்திரைக்குள் வரட்டும். முதுகெலும்புள்ள விலங்குகளில் பெரும்பாலானவை இன்றும் இப்படித்தான் வாழ்கின்றன. ஆனால் கசிவு ரொம்ப தூரம் போகாது. ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் எல்லை. அதற்குமேல் விழித்திரை தடிமனானால் உள்ளடுக்கு மூச்சுத் திணறும். தடிமன் என்பது அழகு சார்ந்த விஷயமில்லை. பார்த்ததை அலசும் நரம்பு செல்களை அடுக்க இடம் வேண்டும். விளிம்பு எது, அசைவு எது என்று மூளைக்கு அனுப்பும் முன்பே பிரித்துக்கொடுக்கும் வேலை அங்கே நடக்கிறது. கூர்மையாகப் பார்க்க வேண்டுமென்றால் தடிமன் வேண்டும். தடிமன் வேண்டுமென்றால் ஆக்சிஜன் வேண்டும்.

மீன்கள் இந்த எல்லையை வேதியியலால் உடைத்தன. பல மீன்களின் ஹீமோகுளோபினுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. ரத்தம் அமிலமானால், சுற்றி எவ்வளவு ஆக்சிஜன் இருந்தாலும், தான் பிடித்து வைத்திருப்பதைக் கைவிட்டுவிடும். 1931இல் இதை விவரித்த ஆய்வாளர் ரூட் என்பவரின் பெயரால் இதை 'ரூட் விளைவு' என்கிறார்கள். மீனின் கண்ணுக்குப் பின்னால், வரும் குழாய்களும் போகும் குழாய்களும் நெருக்கமாகப் பின்னிய ஒரு வலை இருக்கிறது. லத்தீனில் அதன் பெயருக்கு 'அற்புத வலை' என்று பொருள். அங்கே அமிலம் சுரக்கிறது, ஹீமோகுளோபின் ஆக்சிஜனை உதறுகிறது, அது வெளியே தப்பிக்காமல் வலைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சேர்கிறது. சில மீன்களின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றில் உள்ளதைப் போலச் சில மடங்கு. மீன்கள் மிதப்பதற்கான காற்றுப்பையையும் இதே உத்தியால்தான் நிரப்புகின்றன. ஆனால் பரிணாம வரிசையில் கண்ணின் வலைதான் மூத்தது, 25 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. காற்றுப்பையின் வலை பிற்பாடு, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை, தனித்தனியாகத் தோன்றியது. பார்ப்பதற்காகக் கண்டுபிடித்ததை மிதப்பதற்கு மறுபடி பயன்படுத்திக்கொண்டார்கள்.

பாலூட்டிகள் வேறு வழியில் போயின. குழாய்களை விழித்திரைக்கு உள்ளேயே விட்டன. நிழல் விழும், பரவாயில்லை. ஆதிப் பாலூட்டிகள் இரவில் திரிந்தவை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இருட்டில்தான் செலவு அதிகம் என்பதையும் சேர்த்து யோசித்தால் இந்தச் சமரசம் புரிகிறது. அதிலும் எல்லோரும் ஒரே அளவுக்குப் போகவில்லை. பூனைக்கும் எலிக்கும் நமக்கும் விழித்திரை முழுக்கக் குழாய்கள். முயலுக்கு ஒரு பட்டையில் மட்டும். குதிரைக்கு நரம்பு வெளியேறும் இடத்தைச் சுற்றிக் கொஞ்சம். கினிப் பன்றிக்கு ஒன்றுமே இல்லை. மீன்களுக்குள்ளேயும் விலாங்கு தனிவழி. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்பார்களே, கண் விஷயத்தில் அது பாலூட்டிகளுக்கு ஒரு பக்கத்தைக் காட்டுகிறது: கண்ணுக்குப் பின்னால் அற்புத வலை இல்லை, விழித்திரைக்குள் ரத்தக்குழாய்கள்.

பறவைகளின் விழித்திரைக்குள்ளும் குழாய்கள் இல்லை. கழுகு வானத்திலிருந்து எலியைக் குறிவைப்பது நிழலே விழாத விழித்திரையால். அதற்குப் பதிலாக, பெக்டென் என்ற ரத்தம் நிறைந்த சீப்பு வடிவ மடிப்பு ஒன்று கண்ணின் உள்வெளியில் துருத்திக்கொண்டு நிற்கிறது. குழாய்களைத் திரை முழுக்கப் பரப்பாமல் ஒரே மூலையில் குவித்துவிட்டார்கள்.

இப்போது நீலவானத்துக்கு வரலாம். நம் பார்வையின் நட்டநடுவில், எழுத்துகளை வாசிக்கும் ஃபோவியா என்ற சிறு குழியில், ரத்தக்குழாய்கள் இல்லை. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத வட்டம். அங்கே திரை மெலிந்து, பின்னாலிருந்து வரும் கசிவை மட்டும் நம்பி வாழ்கிறது. மிகக் கூர்மையாகப் பார்க்க வேண்டிய இடத்தில் மட்டும் பாலூட்டித் தீர்வை விட்டுவிட்டுப் பழைய தீர்வுக்குத் திரும்பியிருக்கிறோம். இந்த வரியை நீங்கள் வாசிப்பது அந்த இடத்தில்தான்.

*

ஆக்சிஜன் வரத்தையும் விழித்திரையின் தடிமனையும் பல விலங்குகளில் ஒப்பிட்டு, கண்ணின் பரிணாம வரலாற்றை வரைந்த ஆய்வு ஒன்று, கிறிஸ்டியன் டாம்ஸ்கார்டும் சக ஆய்வாளர்களும் எழுதியது, 2019இல் வெளிவந்தது. அதை வாசித்த பிறகு எனக்குப் பழைய விவாதம் ஒன்று வேறுமாதிரி தெரிந்தது.

நம் விழித்திரை திரும்பி நிற்கிறது என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. ஒளி உணரும் செல்கள் கடைசியில், நரம்புகளும் குழாய்களும் அவற்றுக்கு முன்னால். 1986இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் தன் புத்தகத்தில், எந்தப் பொறியாளரும் இதைப் பார்த்துச் சிரிப்பார் என்ற பொருளில் எழுதினார். கண் கடவுளின் கச்சிதமான படைப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பதில். எதிர்ப்பக்கம் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது: கச்சிதம், கச்சிதம்.

நான் பொறியாளன். எங்கள் தொழிலில் இந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர் பழைய கோடைத் திறந்ததும் சொல்லும் முதல் வாக்கியம், "யார்றா இதை எழுதினது?" அடுத்த வாரம் அந்த அசிங்கமான வரியை நீக்குவார். அதற்கடுத்த நாள் ஏதோ ஒன்று விழும். அந்த வரி எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரியவரும். விழித்திரை தலைகீழாக இருப்பதற்குக் காரணம் கருவில் கண் மூளையின் மடிப்பிலிருந்து உருவாகும் விதம். அது வரலாற்றின் விபத்துதான், அதில் டாக்கின்ஸ் சொன்னது சரி. ஆனால் அப்படித் திரும்பி நிற்பதால்தான், மிகப் பசியான செல்கள் கோராய்டு என்ற ரத்தக் கிடங்கோடு ஒட்டி நிற்க முடிகிறது. விபத்தைச் சுற்றி ஒரு குடும்பமே கட்டப்பட்டுவிட்டது. கச்சிதம் என்பவரும் முட்டாள்தனம் என்பவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். பில்லைப் பார்க்காமல் சாப்பாட்டுக்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை இன்னும் நேர்மையாகச் சொன்னார். உயிருள்ள கண்ணின் விழித்திரையைப் பார்க்க உதவும் கருவியை 1851இல் உலகுக்குக் கொடுத்தவர் அவர். இத்தனை குறைகளோடு ஒரு கருவியைக் கடைக்காரர் விற்க வந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று அவர் சொன்னது பிரபலம். அதன் தொடர்ச்சியைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை: என் கண்களை அப்படித் திருப்பி அனுப்ப மாட்டேன், குறைகளோடே முடிந்தவரை வைத்துக்கொள்வேன் என்றும் சேர்த்துத்தான் சொன்னார்.

பில் கட்ட முடியாதபோது என்ன ஆகும்? மெக்ஸிகோவின் குகைகளில் வாழும் ஒரு மீனினம் கண்களை இழந்துவிட்டது. அதே இனத்தின் ஆற்று மீன்களுக்குக் கண் உண்டு. ஒரு கிராம் எடையுள்ள மீனில், கண்ணும் அது சார்ந்த மூளைப் பகுதியும், ஓய்வாக இருக்கும்போது ஆகும் மொத்த ஆற்றல் செலவில் சுமார் 15 சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன என்று 2015இல் கணக்கிட்டார்கள். இரை குறைவு, ஒளியே கிடையாது, இருட்டில் கண்ணின் செலவோ அதிகம். அந்தக் குகையில் கண்ணை விட்டது வீழ்ச்சியா? 'குருட்டு மீன்' என்று நாம் பெயர் வைக்கும்போது வெளிச்சத்தில் நின்றுகொண்டு பெயர் வைக்கிறோம். மேலே மேலே ஏறும் ஏணியின் உச்சிப்படியாகப் பார்வையை நினைக்கும் பழக்கம் நமக்கு. பரிணாமத்தில் அது ஒரு செலவுத் தலைப்பு, அவ்வளவுதான். சில இடங்களில் கட்டுப்படியாகும், சில இடங்களில் ஆகாது.

*

இதுவரை யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. மீனும் பறவையும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. செலவு கட்டுப்படியாகாதவை செத்தன. கட்டுப்படியானவை குஞ்சு பொரித்தன. 1940களில் முதல்முறையாக ஒரு கை அந்தக் குழாயைத் திருகியது.

கருவில் நம் விழித்திரைக்குள் ரத்தக்குழாய்கள் நான்காம் மாதவாக்கில் வளரத் தொடங்குகின்றன. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நகரும். ஓரத்தை எட்டுவது ஏறக்குறைய பிறக்கும் நேரத்தில்தான். அவற்றுக்கு வழிகாட்டுவது பற்றாக்குறை. எங்கே ஆக்சிஜன் போதவில்லையோ அங்கிருக்கும் செல்கள் ஒரு வேதிப்பொருளை விட்டுக் குழாய்களை அழைக்கும். கருப்பையின் ஆக்சிஜன் குறைந்த சூழலில் இந்த அழைப்பு ஒழுங்காக நடக்கிறது. குழந்தை 28 வாரத்தில் பிறந்து, இன்குபேட்டரில் தாராளமாக ஆக்சிஜன் கிடைத்தால்? அழைப்பு நின்றுபோகிறது. குழாய்கள் பாதி வழியில் நிற்கின்றன. பல வாரங்கள் கழித்து, வளர்ந்துவிட்ட விழித்திரை பசியில் கூவும்போது குழாய்கள் தாறுமாறாகக் கிளைத்து, கசிந்து, தழும்பாகி, விழித்திரையையே பிய்த்துவிடலாம்.

1942இல் பாஸ்டனில் டெர்ரி என்ற கண் மருத்துவர் இந்தக் குருட்டை முதலில் விவரித்தபோது காரணம் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் உலகம் முழுக்கச் சுமார் 10,000 குழந்தைகள் பார்வையிழந்தார்கள். அதிகமும் நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில். 1950இல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்து இன்குபேட்டரில் பார்வையிழந்தவர்களில் ஒருவரை நாம் ஸ்டீவி வொண்டர் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆக்சிஜன்தான் காரணமோ என்று 1951இல் மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் கேட்டார். அதே காலத்தில் வாஷிங்டனில் அர்னால் பாட்ஸ், சில குழந்தைகளுக்கு ஆக்சிஜனைக் குறைத்துச் சோதித்தார். இரவுப் பணியில் இருந்த செவிலியர்கள் சிலர், குறைவாகப் பெறும் குழந்தைகளின் ஆக்சிஜனை ரகசியமாகக் கூட்டிவிட்டார்கள். டாக்டர் குழந்தையைக் கொல்கிறார் என்று நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. நீலம் பாரிக்கும் குழந்தை கண் முன்னால் இருக்கிறது. குருடாகப் போகும் குழந்தை இரண்டு மாதம் தள்ளி இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு யார் எதைத் தேர்வார்கள்?

1953இல் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் சேர்ந்து செய்த சோதனை விஷயத்தை முடித்துவைத்தது. ஆக்சிஜன் குறைந்தது, குருடு சரசரவென்று குறைந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்தச் சோதனையில் ஒரு விதி இருந்தது. பிறந்து 48 மணிநேரம் உயிரோடிருந்த குழந்தைகளை மட்டுமே அதில் சேர்த்தார்கள். குறைமாதக் குழந்தைகள் அதிகம் இறப்பது அந்த முதல் 48 மணிநேரத்தில். சோதனையின் முடிவை நம்பி, பிறந்த நிமிடத்திலிருந்தே ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். 1973இல் கென்னத் கிராஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் புள்ளிவிவரங்களைத் தோண்டி ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்: காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு குழந்தையின் பார்வைக்கும் சுமார் 16 குழந்தைகளின் உயிர் போயிருக்கலாம்.

அந்தப் பதினாறு பேரை யாரும் பார்க்கவில்லை. குருடான குழந்தை வளர்ந்து, தாய் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவரின் அறைக்கு வரும். இறந்த குழந்தை வராது. 'குறைமாதம், பிழைக்கவில்லை' என்று ஒரு வரியோடு முடிந்துபோகும். நம் கண்ணில் நிலையான நிழலை மூளை கணக்கில் எடுப்பதில்லை என்று முதலில் சொன்னேன். மருத்துவமனைக்கும் அப்படி ஒரு மூளை இருக்கிறது.

சரி, அளவாகக் கொடுத்தால் போதாதா என்று தோன்றும். அந்த 'அளவு' எது? 24 முதல் 27 வாரத்தில் பிறந்த 1,316 குழந்தைகளிடம் நடந்த பெரிய அமெரிக்கச் சோதனையின் முடிவு 2010இல் வந்தது. ரத்த ஆக்சிஜன் செறிவை 85–89 சதவீதத்தில் வைத்த குழுவில் 19.9 சதவீதம் குழந்தைகள் இறந்தன. 91–95இல் வைத்த குழுவில் 16.2. பிழைத்தவர்களில் தீவிர விழித்திரை நோய் வந்தது, முதல் குழுவில் 8.6 சதவீதம், இரண்டாவதில் 17.9. கணக்குப் போட்டால், நூறு குழந்தைகளுக்கு அளவைக் கூட்டினால் சுமார் நான்கு உயிர் கூடுதலாகப் பிழைக்கும். சுமார் எட்டுக் குழந்தைகளுக்குக் கூடுதலாகக் கண் ஆபத்தில் விழும். இரண்டு பக்கமும் பூஜ்ஜியமாகும் புள்ளி அந்த டயலில் இல்லை. மீனின் வலை, பறவையின் சீப்பு, நம் ஃபோவியா, எதிலுமே இல்லாத புள்ளி அது.

*

என் கேள்விக்கு வருகிறேன். உயிரா, பார்வையா என்றால் உயிர்தான் என்று நம்மில் பெரும்பாலோர் சொல்வோம். நானும் அதையே சொல்வேன். பார்வையில்லாத வாழ்க்கை குறைந்த வாழ்க்கை இல்லை. வெளிச்சத்துக்காகவே கட்டப்பட்ட ஊரில் அதை வாழ வேண்டியிருக்கிறது, அதுதான் சிரமம். இன்று பெரும்பாலான மருத்துவமனைகள் உயர்ந்த அளவைத்தான் பின்பற்றுகின்றன. அது சரி என்றே நினைக்கிறேன்.

ஆனால் சரியான எண்ணைத் தேர்ந்தெடுத்ததோடு அறம் முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் ஆபத்து. தேர்வில் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். உயிரின் பக்கம் நின்று ஆக்சிஜனைத் திறந்துவிட்டால், கண்ணின் பக்கம் ஒரு கடன் எழுதப்படுகிறது. தேர்ந்தெடுத்தவர்தான் அந்தக் கடனுக்குப் பொறுப்பு. 2010 சோதனையைப் பற்றிப் பிற்பாடு பெரிய சர்ச்சை எழுந்ததும் இதனால்தான். எந்த அளவு நல்லது என்று சோதித்ததை யாரும் பெரிதாகக் குறைசொல்லவில்லை. எந்தப் பக்கம் போனாலும் என்ன பறிபோகலாம் என்று பெற்றோரிடம் தெளிவாகச் சொன்னார்களா என்பதே கேள்வி.

இது நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை. உலகிலேயே அதிகமான குறைமாதப் பிறப்புகள் நடக்கும் நாடு இந்தியா. காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து தரும் கருவி எல்லா ஊரிலும் இல்லை. அமெரிக்காவில் 1,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்குக் கண் பரிசோதனை என்றால், இங்கே 2,000 கிராமுக்குக் கீழே, அல்லது 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த எல்லோருக்கும் செய்யச் சொல்கிறார்கள். பிறந்து 30 நாளுக்குள். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். சில வாரம் தாமதித்தால் முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் குழந்தையின் கண் அழகாகத்தான் இருக்கும். கேட்டால் ஒழிய யாருக்கும் தெரியாது.

1996இல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆக்சிஜன் கொடுத்தார்கள், பிழைத்தது, வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2015இல் சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஆக்சிஜன் கொடுத்தது குற்றமில்லை. கொடுக்காவிட்டால் குழந்தையே இல்லாமல் போயிருக்கலாம். கொடுத்தபின் திரும்பிப் பார்க்காததுதான் குற்றம்.

பரிணாமம் கடனைக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. அதற்கு முகம் கிடையாது. 'நீ கொடுத்த விலையால் நான் பிழைத்தேன்' என்று அது யாரிடமும் சொல்லாது. அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டியிருக்கிறது. யாராவது தெரிந்தவர் வீட்டில் குறைமாதத்தில் குழந்தை பிறந்திருந்தால், பார்க்கப் போகும்போது சட்டை, சோப்பு எல்லாம் வாங்கிக்கொண்டு போங்கள். கூடவே ஒரு கேள்வியையும் கொண்டுபோங்கள்: "கண்ணைக் காட்டியாச்சா? முப்பது நாள் ஆகலியே இன்னும்?"